சீனன்குடா: குதங்களின் வரலாறும் குடிகளின் வரலாறும்

திருகோணமலையின் வரலாற்றை யார் எழுதினாலும் துறைமுகத்தைத்தான் எழுதுகிறார்கள். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிய கதையை எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும். துறைமுகத்தின் உட்கரையிலுள்ள சீனன்குடாவில் எங்கட ஆட்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேளுங்கள்; பிள்ளை மேலும் கீழும் பார்க்கும். பிள்ளையில் குற்றமில்லை. புத்தகத்தில் இருந்தால்தானே சொல்லும்!

முதலாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியிருந்தது. சிங்கப்பூர் வரை செல்லும் கப்பல்களுக்கு வழியில் எண்ணெய் வேண்டும். அதற்காக 1920, 1930களில் சீனன்குடாக் காட்டுக்குள் எழுந்தவையே இந்த எண்ணெய்க் குதங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு வீசியபோது விமானமொன்று ஒரு குதத்தில் மோதி, தீ நாட்கணக்கில் எரிந்தது. அது தற்கொலைத் தாக்குதலா, சுடப்பட்டு விழுந்ததா என்று இன்றும் வாதிடுகிறார்கள். உருகிக் குழைந்த அந்த இரும்பைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

அந்தப் போரில் மாண்ட படையினரின் பெயர்கள் நிலாவெளி வீதி மயானத்தில் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. நல்லது, மாண்டவருக்குச் செய்யும் மரியாதை அது. ஆனால் காடு வெட்டியவரும் மண் சுமந்தவரும் எந்தக் கல்லில் இருக்கிறார்கள்? 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துப் போனபோது, அதை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன செய்தன?

குதங்களுக்கோ ஏடு தவறாமல் எழுதப்பட்டு வருகிறது. 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களில் அவை உண்டு. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகை போயின. 2022 ஜனவரியில் 99 குதங்களும் 14, 24, 61 என்று பிரிக்கப்பட்டன: அந்த நிறுவனத்துக்கு ஒரு பங்கு, நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு ஒரு பங்கு, மீதி இருவருக்கும் கூட்டாக.

அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, 2021 நவம்பர் 23ஆம் திகதி, குடாவின் தென்புறத்தில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் மையித்தாய்த் திரும்பினார்கள். கிண்ணியாவார் தலைமுறை தலைமுறையாகப் பாதையில் ஏறித்தான் திருகோணமலைக்குப் போனார்கள்; சவூதி உதவியில் கட்டிய பெரிய பாலம் 2009இல்தான் திறந்தது. குறிஞ்சாக்கேணிக்கு அதுவும் வாய்க்கவில்லை. பத்து இலட்சம் தொன் எண்ணெய்க்கு இடம் கட்டிய கரையில், நூறாண்டு கழித்தும் அன்று பிள்ளைகள் தண்ணீரைக் கடக்க ஒரு பாலம் இருக்கவில்லை. ஒரே குடாவின் இரண்டு வரலாறுகள் இவை. ஒன்றை வல்லரசுகள் எழுதிக்கொள்ளும். மற்றதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

இதற்குப் பெரிய ஆய்வு நிதி தேவையில்லை. வெள்ளைமணல், நாச்சிக்குடா, கிண்ணியா, மூதூர் ஊர்களில் எழுபது எண்பது வயதுக்காரர் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறார்கள். வாப்பாமார் என்ன வேலை செய்தார்கள், என்ன கூலி கிடைத்தது, எந்தத் துறையில் பாதை ஏறினார்கள் என்று கேட்டு எழுதினால் போதும். பள்ளிவாசல் பதிவேடுகளையும் பழைய காணி உறுதிகளையும் படியெடுத்து வையுங்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு ஏடு மண்ணுக்குள் போகிறது.

நான் எனது உயர்தர மாணவருக்கு இந்தத் தவணையில் இதைத்தான் ஒப்படையாகக் கொடுத்திருக்கிறேன்.