அன்றாடப் பொருட்களின் கரைதிறன், மின்கடத்துதிறன் சோதனை

கரைதிறன், மின்கடத்துதிறன் சோதனை என்பது, ஒரு பொருள் நீரில் கரைகிறதா, அப்பொருளோ அதன் கரைசலோ மின்சாரத்தைக் கடத்துகிறதா என்னும் இரு வினாக்களுக்கு விடை காணும் எளிய வேதியியல் செய்முறை ஆகும். உப்பு, சர்க்கரை, சமையல் சோடா போன்ற சமையலறைப் பொருட்களைக் கொண்டே இதனைச் செய்யலாம். கரைதலும் மின்கடத்தலும் வெவ்வேறு பண்புகள். நீரில் கரையும் பொருட்கள் அனைத்தும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. இரு விடைகளையும் சேர்த்து நோக்கும்போதே, அப்பொருள் எத்தகைய துகள்களால் ஆனது என்று ஊகிக்க இயலும்.

அடிப்படைக் கருத்துகள்

குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட அளவு கரைப்பானில் கரையக்கூடிய கரைபொருளின் பெரும அளவு கரைதிறன் எனப்படும். 25 பாகை செல்சியசில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் சமையல் உப்பும், ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையும் கரையும்.

மின்சாரம் பாய்வதற்கு, மின்னூட்டம் கொண்டவையும் இடம்பெயரக் கூடியவையுமான துகள்கள் தேவை. உலோகங்களிலும் கிராபைட்டிலும் எலக்ட்ரான்கள் (இலங்கை வழக்கு: இலத்திரன்கள்) இப்பணியைச் செய்கின்றன. கரைசல்களில் அயனிகள் செய்கின்றன. உலர்ந்த உப்பில் சோடியம், குளோரைடு அயனிகள் உள்ளன. ஆயினும் அவை படிகத்தில் தத்தம் இடத்தில் கட்டுண்டிருப்பதால் மின்சாரம் பாய்வதில்லை. நீரில் கரைந்தாலோ, 801 பாகை செல்சியசில் உருகினாலோ அவை விடுபட்டு மின்சாரத்தைக் கடத்துகின்றன. சர்க்கரை கரையும்போது அதன் மூலக்கூறுகள் முழுமையாகவே நீரில் பரவுகின்றன. அவற்றுக்கு மின்னூட்டம் இல்லாமையால் கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை.

கரைசலில் அயனிகளைத் தந்து மின்சாரத்தைக் கடத்தும் பொருட்கள் மின்பகுளிகள் எனப்படும்.

வரலாறு

அயனி என்னும் சொல்லை 1834 ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே அறிவியலில் அறிமுகப்படுத்தினார். மின்சாரம் செலுத்தப்படும்போதே அயனிகள் தோன்றுகின்றன என அக்காலத்தில் கருதப்பட்டது. மின்சாரம் செலுத்தப்படாத நிலையிலும் மின்பகுளிக் கரைசலில் அயனிகள் இருக்கின்றன என்னும் கொள்கையை சுவீடன் நாட்டு அறிவியலாளர் சுவான்டே அரீனியசு வளர்த்தெடுத்தார். இதற்கு அடித்தளமான அவரது 1884 ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் மிகக் குறைந்த தரநிலையையே வழங்கியது. பின்னர் இதே கொள்கைக்காக 1903 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

செய்முறை

9 வோல்ட்டு மின்கலம், 470 ஓம் மின்தடை, சிவப்பு நிற எல்.ஈ.டி. விளக்கு, இரு பென்சில் கரிக்குச்சிகள் ஆகியவை தேவை. இவற்றைத் தொடராக இணைத்து, கரிக்குச்சிகளை இரு முனைகளாகக் கொள்ள வேண்டும்.

1. இரு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்து, விளக்கு ஒளிர்வதை உறுதிசெய்ய வேண்டும். ஒளிராவிடின் விளக்கின் கால்களை மாற்றி இணைக்க வேண்டும்.
2. காய்ச்சி வடித்த நீரை மட்டும் முதலில் சோதிக்க வேண்டும். விளக்கு ஒளிரக் கூடாது.
3. உலர்ந்த பொருளின்மீது குச்சிகளை வைத்துச் சோதிக்க வேண்டும்.
4. 100 மில்லிலீட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு தேக்கரண்டி பொருளை இட்டுக் கலக்கி, சில நிமிடங்கள் அசையாமல் வைத்து, அது கரைந்ததா எனக் காண வேண்டும்.
5. குச்சிகளை ஒன்றையொன்று தொடாமல் கலவையில் அமிழ்த்தி, விளக்கைக் கவனிக்க வேண்டும்.
6. ஒவ்வொரு சோதனைக்குப் பின்னரும் குச்சிகளையும் கரண்டியையும் காய்ச்சி வடித்த நீரால் கழுவ வேண்டும்.

எதிர்பார்க்கும் முடிவுகள்

| பொருள் | நீரில் கரைதல் | நீர் சேர்க்காத நிலையில் விளக்கு | நீருடன் கலந்தபின் விளக்கு |
|---|---|---|---|
| சமையல் உப்பு | கரையும் | ஒளிராது | நன்கு ஒளிரும் |
| சமையல் சோடா | கரையும் | ஒளிராது | நன்கு ஒளிரும் |
| வெள்ளைச் சர்க்கரை | கரையும் | ஒளிராது | ஒளிராது |
| மெழுகு | கரையாது | ஒளிராது | ஒளிராது |
| அலுமினியத் தாள் | கரையாது | நன்கு ஒளிரும் | சோதிக்கத் தேவையில்லை |

வினிகர் ஏற்கெனவே ஒரு கரைசல். அதில் விளக்கு உப்புக் கரைசலை விட மங்கலாக ஒளிரும். அதிலுள்ள அசிட்டிக் அமில மூலக்கூறுகளுள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 மட்டுமே அயனிகளாகப் பிரிவதே காரணம். இத்தகைய பொருட்கள் வலிமை குறைந்த மின்பகுளிகள் எனப்படும்.

பொதுவான பிழைகள்

குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் கனிம உப்புகள் கரைந்துள்ளன. அந்நீரில் சர்க்கரையைக் கரைத்துச் சோதித்தால் விளக்கு ஒளிரக்கூடும். சர்க்கரை மின்சாரத்தைக் கடத்துகிறது என்ற தவறான முடிவுக்கு இது இட்டுச் செல்லும். இதனாலேயே நீரை மட்டும் தனியே சோதிக்கும் இரண்டாம் படி இன்றியமையாதது.

வெல்லத்தில் இயல்பாகவே கனிம உப்புகள் இருப்பதால் அதன் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். சர்க்கரை ஆலைகளில், சர்க்கரையில் எஞ்சியுள்ள கனிமங்களின் அளவு கரைசலின் மின்கடத்துதிறனைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது.

மஞ்சள் தூளை நீரில் கலக்கினால் நீர் நிறம் பெறும். ஆயினும் தூள் மெல்ல அடியில் படியும். இது கரைசல் அன்று, தொங்கல் ஆகும்.

கரையாமை மட்டுமே ஒரு பொருள் அயனிகளால் ஆனதன்று என்பதற்குச் சான்றாகாது. முட்டை ஓட்டின் முதன்மைப் பொருளான கால்சியம் கார்பனேட்டு அயனிச் சேர்மமே எனினும் நீரில் மிகமிகக் குறைவாகவே கரைகிறது.

குடிநீரும் மின்கடத்துதிறனும்

குடிநீரில் கரைந்துள்ள மொத்தத் திண்மங்களை அளப்பதாக விற்கப்படும் கையடக்கக் கருவிகள், உண்மையில் நீரின் மின்கடத்துதிறனையே அளந்து, அதனை ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரத்தின்படி, குடிநீரில் இத்திண்மங்களின் ஏற்கத்தக்க எல்லை லீட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாவிடின் 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது.

சர்க்கரைக் கரைசலில் விளக்கு ஒளிராதது போலவே, அயனிகளாகப் பிரியாத பொருட்களை இக்கருவி காட்டாது. நோய்க் கிருமிகளையும் பல பூச்சிக்கொல்லிகளையும் இதனால் அறிய இயலாது. எனவே கருவி காட்டும் எண் குறைவாக இருப்பது, நீர் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது.

பாதுகாப்பு

இச்சோதனைக்கு வீட்டு மின் இணைப்பை (230 வோல்ட்டு) எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. மின்கலத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்றாலும், ஈரக் கைகளில் உள்ள நீர் தூய நீர் அன்று. உப்புக் கரைசலில் மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வளிமம் வெளிப்படும். எனவே காற்றோட்டமான இடத்தில், ஒவ்வொரு முறையும் சில நொடிகள் மட்டுமே சோதிக்க வேண்டும். சோதித்த பொருட்களை உண்ணக் கூடாது.

இவற்றையும் பார்க்கவும்

- கரைசல்
- மின்பகுளி
- அயனிப் பிணைப்பு
- மின்னாற்பகுப்பு