லயத்துக் காம்பராவுக்கு என்ன காவல்? குறைந்த செலவில் செய்யக்கூடியவை

வீட்டுப் பாதுகாப்பு என்று தேடினால் கமரா, அலாரம், மதில், இரும்புக் கேட் என்றுதான் வருகிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் 10க்கு 12 அடிக் காம்பராவில் குடியிருப்பவருக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. மதில் கட்ட அவருக்கென்று நிலமில்லை. 1,000 ரூபா நாட்சம்பளத்தைப் பெறவே 2021 வரை போராடிய மக்களிடம் கமரா வாங்குங்கள் என்று சொல்வதும் கேலியாகவே படும்.

லயத்தில் களவு போக இரவு தேவையில்லை. இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர்கள் விடியும்போதே மலைக்குப் போய்விடுகிறார்கள். தேயிலையில் பிரட்டு முடிந்ததும் கொழுந்துக்குப் போகிறார்கள். பெரிய பிள்ளைகள் பாடசாலையில், சின்னவை பிள்ளைக்காம்பராவில். காலை எட்டு மணிக்குப் பிறகு வரிசை முழுவதிலும் ஒன்றிரண்டு வயதானவர்கள்தான். சப்ரகமுவத் தோட்டங்கள் பல, நுவரெலியாவைப் போல மலை மலையாகத் தொடர்ந்து கிடப்பவையல்ல. கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன, பாதைகள் ஊடறுத்துப் போகின்றன. யார் வருகிறார், யார் போகிறார் என்று கேட்க ஆளில்லை. திருவிழா இரவும் அப்படித்தான். லயமே கோயிலில் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது கூரை. கதவுக்குப் பெரிய பூட்டு வாங்கிப் போட்டுவிட்டுக் கூரையை மறந்துவிடுகிறோம். பழைய லயங்கள் பலவற்றில் இரண்டு காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. ஆளில்லாத தொங்கல் காம்பராவுக்குள் புகுந்தவன் சுவரேறி அடுத்த வீட்டுக்குள் இறங்கலாம். அந்த இடைவெளியைப் பலகையாலோ தடித்த கம்பி வலையாலோ அடைத்தால் போதும். காற்றுக்குப் பறக்காமலிருக்கத் தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் வைத்திருந்தால், ஆணிகள் பிடிப்பிழந்துவிட்டன என்று பொருள். அந்தத் தகரத்தைக் கையாலேயே தூக்கலாம். துருவேறிய ஆணிகளை எடுத்துவிட்டு, மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கொக்கி போல்ட் போடுங்கள். எல்லாத் தகரத்துக்கும் முடியாவிட்டால் ஓரத்திலுள்ளவற்றுக்காவது போடுங்கள்.

கதவில் பெரும்பாலும் உடைவது பூட்டல்ல, நாதாங்கி. உக்கிய மரத்தில் இரண்டு சின்ன ஸ்குரூவில் நிற்கும் நாதாங்கியை ஒரு கம்பியால் நெம்பிப் பெயர்த்துவிடலாம். கதவை ஊடறுத்து உள்ளே நட் போட்டு இறுக்கும் போல்ட் இரண்டு போட்டால் அது எளிதில் நடக்காது. பின்கதவுக்கு உட்புறமாக ஒரு குறுக்குச் சட்டம் வையுங்கள். சட்டத்தைத் தாங்க இரண்டு இரும்புக் கொக்கி போதும், மரம் தோட்டத்திலேயே கிடைக்கும். முன்வாசலில் தொங்கும் ஆமைப்பூட்டு ஆளில்லை என்று ஊருக்கே சொல்லிவிடும். பின்வாசல் இருந்து, அது அயலவரின் குசினிப் பக்கம் பார்க்குமானால், முன்கதவை உள்ளே அடைத்துவிட்டுப் பின்பக்கம் பூட்டுவது நல்லது. முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் இதற்கு வழியில்லை. சாவியைப் பூச்சட்டிக்குக் கீழே வைக்கும் பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த இடம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது கடதாசிகள். காசும் நகையும் போனால் கண்ணுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் அதே தகரப் பெட்டியில்தான் இருந்தன என்பது சில வாரம் கழித்துத்தான் உறைக்கும். ஆவணம் இல்லாதவர் படும் பாட்டை இந்த மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, உடுத்த உடுப்போடு ஓடியவர்கள் இருக்கிறார்கள். அப்படி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் 2009இல் பிளாஸ்ரிக் பைக்குள் கடதாசிகளைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஓடின.

எனவே மூலப் பிரதிகளைத் தண்ணீர் புகாத உறையிலிட்டு, நகையும் காசும் இருக்கும் பெட்டியிலிருந்து பிரித்து வேறிடத்தில் வையுங்கள். அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், அடகு ரசீது எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பிவிடுங்கள். போனில் *#06# அழுத்தினால் வரும் இலக்கத்தையும் எழுதி வையுங்கள், போன் களவுபோனால் பொலிசார் கேட்பது அதைத்தான். நகையைப் பாதுகாப்புக்காகவே வங்கியில் சிறு தொகைக்கு அடகு வைப்பவர்கள் உண்டு. வட்டி போகும், தவணை தவறினால் ஏலத்துக்கும் போகும். பாதுகாப்பு என்ற பெயரில் நகையையே இழக்கக் கூடாது.

இவற்றைவிடப் பயனுள்ள காவல் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பாட்டிதான். வேலைக்குப் போகாத வயதானவர்கள் இரண்டு மூன்று பேரிடம் ஒரு விசிலும், முக்கியமான தொலைபேசி இலக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையும் கொடுங்கள். தெரியாதவர் வந்தால் “யாரைப் பார்க்க வந்தீங்க தம்பி?” என்று இஸ்தோப்பிலிருந்தே கேட்டால் போதும். வந்தவனுக்குத் தன்னை ஒருவர் பார்த்துவிட்டது தெரிந்துவிடும். திருவிழா இரவில் லயத்துக்கு இரண்டு பேர் முறைவைத்து நிற்க, கோயில் கமிட்டியே ஏற்பாடு செய்யலாம். வீடு பூட்டிக் கிடக்கும்போது பயணப் படங்களை முகநூலில் போடாதீர்கள், திரும்பி வந்து போடலாம்.

கள்ளனுக்கென்று மின்கம்பி கட்டுவது குற்றம். இரவில் வெளியே போகும் உங்கள் பிள்ளையும் அதில் மாட்டலாம். பிடிபட்டவனைக் கட்டிவைத்து அடிப்பதும் குற்றம்தான். பொருள் போனதும் பக்கத்துக் கிராமத்தைக் கைகாட்டும் பழக்கமும், கிராமத்தில் களவு நடந்தால் லயத்தைக் கைகாட்டும் பழக்கமும் இங்கே உண்டு. ஒரு தையல் மெசினுக்காகத் தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை இந்தப் பிரதேசம் பார்த்திருக்கிறது.

யன்னலுக்குக் கம்பி போடலாம், சுவரை உயர்த்தலாம் என்று நினைத்தால், வீடு நம் பெயரில் இல்லை என்ற பிரச்சினை வரும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பிறகும், லயத்தில் கட்டட மாற்றம் செய்ய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பரம்பரையாகக் குடியிருக்கும் வீட்டின் யன்னலுக்கு இன்னொருவரிடம் அனுமதி கேட்பது கசப்பானதுதான். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள். எந்தத் தகரம் பெயர்ந்திருக்கிறது, எந்தச் சுவரில் இடைவெளி என்று குறிப்பிட்டு, படத்தோடு தோட்ட முகாமையாளருக்குக் கடிதம் கொடுங்கள். பிரதியில் திகதியிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். தனியாகக் கேட்பதைவிட லயத்திலுள்ள எல்லோரும் சேர்ந்து தொழிற்சங்கத் தலைவர் மூலம் கேட்பது மேல்.

களவு நடந்துவிட்டால் எதையும் தொடாமல் 119க்கு அழையுங்கள், பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். போனது சின்னப் பொருள் என்று விட்டுவிட வேண்டாம். சிங்களத்தில் எழுதியதற்கு விளங்காமலே கையொப்பமிட வேண்டியதில்லை. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் அங்கிருந்தே இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைக்கலாம். அடையாள அட்டையும் களவுபோயிருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த முறைப்பாட்டுப் பிரதி இல்லாமல் கிராம உத்தியோகத்தர் மூலம் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க முடியாது.