சோழர் முத்திரையும் கூகுள் சாவியும்

சோழ மன்னர்கள் நிலத்தைத் தானம் கொடுத்தால் செப்பேட்டில் எழுதித் தருவார்கள். ஆனைமங்கலம் செப்பேடுகளில் பெரிய தொகுதி மொத்தம் 21 ஏடுகள். எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, வளையம் சேரும் இடத்தில் புலிச் சின்னத்தோடு அரச முத்திரை! வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டைக்கூட உருவ முடியாது, புதிதாகச் செருகவும் முடியாது. கொடுத்தது யார்? நடுவில் எவராவது கை வைத்தாரா? இரண்டுக்கும் அந்த வளையமே பதில்.

ஆயிரம் வருஷம் கழித்து வந்த இ-மெயிலுக்கு இந்த வளையம் இல்லை! 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய விதிமுறைப்படி, அனுப்புகிறவர் 'நான் இன்னார்' என்றால் கம்ப்யூட்டர் அப்படியே நம்பிவிடும். அன்று நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். யார் யாரை ஏமாற்றப்போகிறார்கள்? இன்று அப்படியா? நீலகிரியில் எமரால்டு கிராமத்துத் தேயிலை விவசாயி ஒருவருக்கு, 'உங்கள் பேங்க் எழுதுகிறது' என்று ஒரு பொய் மெயில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்தால், கொழுந்து விற்ற காசு கோவிந்தா!

யாஹூவில் மார்க் டெலானி உருவாக்கிய முறையையும் சிஸ்கோ நிறுவனத்தின் முறையையும் இணைத்து, 2007-ல் 'டி.கே.ஐ.எம்.' என்ற முத்திரை வந்தது. இதில் இரண்டு சாவிகள். ரகசியச் சாவியால் நிறுவனம் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு கணக்கு முத்திரை போடும். பொதுச் சாவி, அந்த நிறுவனத்தின் டொமைன் பதிவேட்டில் ஊரறியக் கிடக்கும். மெயிலைப் பெறும் கம்ப்யூட்டர் அதை எடுத்து முத்திரையைச் சோதிக்கும். முத்திரையிட்ட வாசகத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்!

ஆனால் சாவி சோப்ளாங்கியாக இருந்தால்? 2011 டிசம்பரில் ஜக்காரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணித வல்லுநருக்கு, வேலைக்கு அழைத்து கூகுளிலிருந்து மெயில் வந்தது. 'இது நிஜமா?' என்று சோதித்தவர் திகைத்தார். கூகுளின் சாவி வெறும் 512 பிட்! 'எனக்கு வைத்த பரீட்சை போலிருக்கிறது' என்று நினைத்து அதை உடைத்தே விட்டார். கூகுளை நிறுவியவர்களில் ஒருவரான செர்கே பிரின் எழுதுவதுபோல, இன்னொருவரான லாரி பேஜுக்கே மெயில் அனுப்பினார்! பதில் வரவில்லை. இரண்டே நாளில் சாவி மட்டும் 2048 பிட்டாக மாறியது. 512 பிட் சாவியை உடைக்க சுமார் 72 மணி நேரமும் 75 டாலரும் போதும் என்று பிறகு சொன்னார் ஹாரிஸ். விஷயம் 2012 அக்டோபரில் பத்திரிகைக்கு வந்தது.

தினமும் ஐயாயிரத்துக்கு மேல் மெயில் அனுப்புகிறவர்களுக்கு, 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இந்த முத்திரையைக் கட்டாயமாக்கியது. அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். எந்த டொமைன் பொறுப்பேற்கிறது என்று மட்டுமே முத்திரை சொல்லும். அந்த ஆள் யோக்கியனா என்று சொல்லாது. உங்கள் பேங்க் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புது டொமைன் வாங்கும் திருடனும் தன் பெயரில் அசல் முத்திரை குத்தலாம். அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் கண்தான்!