அணையே வெள்ளமாக வந்த இரவு



‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது நம் பெரியோர் வாக்கு. அணை என்றால் காவல் என்ற நம்பிக்கையில் பிறந்த பழமொழி இது. ஆனால் அந்த அணையே உடைந்து வெள்ளமாக வந்தால் மக்கள் எங்கே ஓடுவது?

அணைகளின் வரலாறு என்றதும் மாபெரும் அணைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். இந்த வாரம் ஒரு சின்னஞ்சிறிய அணையின் கதையைப் பார்ப்போம். அதன் உயரம் ஏறத்தாழ 40 அடி. நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த அணை 1977ஆம் ஆண்டில் ஒரே இரவில் 39 உயிர்களைக் கொண்டு போனது.

மின்சாரத்திற்காகப் பிறந்த அணை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் வடகிழக்கில் டொக்கோவா என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கே ஓடும் சிற்றாறு 186 அடி உயரப் பாறையிலிருந்து அருவியாக விழுகிறது. அந்த அருவிக்கு மேலே, 1899ஆம் ஆண்டு வாக்கில், மரச் சட்டங்களுக்குள் கற்களை நிரப்பி ஓர் அணை எழுப்பினார்கள். சிறிய மின் நிலையம் ஒன்றுக்குத் தண்ணீர் தருவதே அதன் வேலை. கெல்லி பார்ன்ஸ் அணை என்று பின்னாளில் உலகம் அறிந்தது இதைத்தான்.

அருவிக்குக் கீழே, ஆற்றங்கரையில், ஒரு விவிலியக் கல்லூரி இயங்கி வந்தது. கல்லூரிக்கு மின்சாரம் தேவைப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் அந்தப் பழைய கல் அணையின் மேலேயே மண்ணைக் கொட்டி மண் அணையாக மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் அதை இன்னும் உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் அப்போதைய தேவைக்கு ஏற்றபடி வேலை நடந்தது. விபத்துக்குப் பிறகு விசாரணைக்கு வந்தவர்களுக்கு முறையான பொறியியல் வரைபடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வேலை போனது, அழகு நின்றது

1957ஆம் ஆண்டில் மின் உற்பத்தி நின்றது. அணையின் வேலை அத்துடன் முடிந்தது. ஆனால் அணையை யாரும் அகற்றவில்லை. அதன் பின்னால் சுமார் 40 ஏக்கர் பரப்பில் அழகான ஏரி இருந்தது. அதன் பிறகு அந்த ஏரி பொழுதுபோக்கிற்கு மட்டுமே பயன்பட்டது. ஏரி என்று பார்த்தவர்களுக்கு, அதைத் தாங்கி நிற்பது வயதான ஒரு மண் சுவர் என்பது மெல்ல மெல்ல மறந்து போனது.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஓர் அணைக்கு வேலை இருக்கும் வரை அதன் அருகே தினமும் ஓர் ஆள் நடமாடுவார். மதகைத் திறப்பார், மூடுவார். எங்காவது கசிந்தால் அவர் கண்ணில் படும். பழுது பார்க்க வருமானமும் இருக்கும். வேலை போய்விட்டால் ஆளும் போய்விடுகிறார், வருமானமும் போய்விடுகிறது. மிஞ்சுவது அழகு மட்டுமே. ஏரி அழகாக இருக்க வேண்டுமென்றால் அது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, கவனிப்பு மிகக் குறைந்த காலத்தில்தான் பழைய அணை முழுச் சுமையையும் தாங்கி நிற்கிறது.

கெல்லி பார்ன்ஸ் அணையின் கீழ்ப்புறச் சரிவு மிகவும் செங்குத்தானது. அதில் மரங்களும் புதர்களும் வளர்ந்திருந்தன. 1973ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில், சரிவின் ஒரு பகுதி ஏற்கெனவே பெயர்ந்து விழுந்திருப்பது தெரிகிறது. அணை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை செய்துவிட்டது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

நவம்பர் 6, அதிகாலை 1.30 மணி

1977 நவம்பர் 2 முதல் 5 வரை அப்பகுதியில் சுமார் 7 அங்குல மழை பெய்தது. அதில் பாதி, 5ஆம் தேதி மாலை 6 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 1.30 மணி அளவில் அணை உடைந்தது.

வெளியேறிய தண்ணீர் ஏறத்தாழ 7 லட்சத்து 77 ஆயிரம் கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் முந்நூறுக்கு மேல் ஒரே நேரத்தில் கவிழ்ந்ததாக எண்ணிப் பாருங்கள். உச்ச கட்டத்தில் வினாடிக்கு சுமார் 680 கன மீட்டர் நீர் பாய்ந்ததாக அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை கணக்கிட்டது. அருவியைத் தாண்டி அந்த நீர் கல்லூரி வளாகத்தில் விழுந்தது. மாணவர் விடுதியும், குடும்பங்கள் வசித்த நடமாடும் வீடுகளும் அதன் பாதையில் இருந்தன. எல்லாரும் உறக்கத்தில் இருந்த நேரம். மாண்ட 39 பேரில் பலர் குழந்தைகள்.

ஏன் உடைந்தது?

கூட்டரசு விசாரணைக் குழு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டவில்லை. பல பலவீனங்கள் அந்த மழை இரவில் ஒன்று சேர்ந்தன என்பதே அதன் முடிவு. செங்குத்தான சரிவு நனைந்து பெயர்ந்திருக்கலாம். அணைக்குள் கிடந்த பழைய குழாய் நொறுங்கியிருக்கலாம். உள்ளே மண் அரித்துக் கொண்டிருந்திருக்கலாம்.

இந்த உள்ளரிப்பைச் சற்று விளக்க வேண்டும். மண் அணையில் சிறிது கசிவு இருப்பது இயல்பு. கசியும் நீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கவலை குறைவு. அது கலங்கலாக வந்தால் அணையின் மண்ணையே உள்ளிருந்து சுமந்து வருகிறது என்று பொருள். கீழ்ப்புறத்தில் தொடங்கும் சிறு துளை, கறையான் புற்றைப் போல உள்நோக்கி வளரும். ஏரியை எட்டிவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. மரத்தின் வேர் மடிந்து மக்கினாலும் அதே போன்ற பாதை உண்டாகும்.

சட்டம் இருந்தது, சோதனை இல்லை

இந்த அவலத்தில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு அணை உடைந்து 125 பேர் மாண்டனர். அதே ஆண்டு அணைகளைச் சோதனையிட அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அணைகளின் பட்டியல் தயாரானது. ஆனால் சோதனைக்குத் தேவையான பணம் ஒதுக்கப்படவில்லை.

டொக்கோவா மரணங்களுக்குப் பிறகே அதிபர் ஜிம்மி கார்ட்டர் சோதனையைத் தொடங்க உத்தரவிட்டார். ஜார்ஜியா அவர் முன்பு ஆளுநராக இருந்த மாநிலம். 1981 வரை இராணுவப் பொறியாளர்கள் சுமார் 8,800 அணைகளைப் பார்வையிட்டனர். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. வெள்ளநீர் வழிந்தோடும் வழி போதாததே பெரும்பாலான அணைகளின் குறை. ஜார்ஜியாவும் 1978ஆம் ஆண்டில் தனி அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது.

அணைக்குக் கீழே யார்?

அந்தச் சோதனைகளில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. முதலில் சோதிக்க வேண்டிய அணைகளைத் தேர்ந்தெடுக்க உயரம் மட்டும் அளவுகோலாகவில்லை. உடைந்தால் கீழே எத்தனை உயிர் போகும் என்பதே கேள்வி. காட்டுக்குள் கட்டிய அணையின் கீழே பின்னாளில் குடியிருப்பு வந்துவிட்டால், அணை மாறாவிட்டாலும் அதன் ஆபத்து மாறிவிடுகிறது.

நம் நாட்டிலும் இதை நேரில் கண்டோம். கேமரன் மலையில் 1963ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை உடையவில்லை. ஆனால் 2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலை, கனமழையால் நிறைந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. மேலே நிலம் வெட்டப்பட்டதால் ஏரியில் வண்டல் குவிந்து கொள்ளளவு குறைந்திருந்தது. கீழே ஆற்றை ஒட்டி வீடுகள் நெருங்கியிருந்தன. அணை உறுதியாக நின்றும் மக்களைக் காக்க முடியவில்லை.

நம் நீர்த்தேக்கங்கள் பலவற்றில் வார இறுதியில் கூட்டம் களைகட்டுகிறது. 1962ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பினாங்கு ஆயர் ஈத்தாம் அணைப் பகுதி, நடைப்பயிற்சி செய்வோரிடையே பெயர் பெற்றது. இது வரவேற்கத்தக்கது. ஏரிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நிறையக் கண்கள் பார்க்கும் அணைக்குத்தான் நல்ல காவல் உண்டு. ஆனால் அந்தக் கண்கள் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது.

அடுத்த முறை போகும்போது கரையின் கீழ்ப்புறத்தையும் பாருங்கள். புதிதாக ஈரம் தெரிகிறதா? கலங்கிய நீர் வருகிறதா? சரிவில் மண் பெயர்ந்திருக்கிறதா? கண்டால் ஒரு படம் எடுத்து, தேதியுடன் அணை நிர்வாகத்திடம் கொடுங்கள். ஆற்றங்கரையில் குடியிருப்போர் இன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இந்த அணைக்கு யார் பொறுப்பு? கடைசியாக எப்போது சோதித்தார்கள்? நள்ளிரவில் அபாயச் சங்கு ஒலித்தால் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது?

1973ஆம் ஆண்டில் டொக்கோவாவில் எடுத்த அந்தப் புகைப்படம் விசாரணைக்குத்தான் உதவியது. நாம் எடுக்கும் படமாவது அதற்கு முன்னால் உதவட்டும்.