ஆளுக்காக நட்ட தேயிலை

பொதுவாக ஒரு தோட்டம் உருவாகும்போது முதலில் பணம் வரும், அடுத்து நிலம், கடைசியில்தான் ஆள். நீலகிரி மலையில் உள்ள எங்கள் சேரங்கோட்டில் இது தலைகீழாக நடந்தது. இங்கே ஆட்கள் நாங்கள் முதலில் வந்து நின்றோம். இத்தனை பேருக்கும் வேலை கொடுக்க வேண்டுமே என்பதற்காகத் தேயிலையை நட்டார்கள். இந்தப் பக்கத்தில் வெகுகாலம் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, எழுதிப் பிழைத்தவன் நான். யார் பேர் ஏறியது, யார் பேர் இறங்கியது என்று பார்த்துப் பார்த்தே இந்த ஊரின் சரித்திரத்தைக் கற்றுக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னும் இந்த மலைக்கு ஆட்கள் அலை அலையாக வந்துபோயிருக்கிறார்கள். பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வாழ்ந்த காடு இது. அப்போது மலபாரைச் சேர்ந்த தென்கிழக்கு வயநாடாக இருந்து, 1877இல் நீலகிரியோடு சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் காப்பி போட்டார்கள். 1880ஐ ஒட்டித் தங்கப் பைத்தியம் பிடித்தது. தேவாலா, பந்தலூர்ப் பாறைகளில் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் கம்பெனிகள் பங்கு விற்றன. கப்பலில் இயந்திரங்கள் வந்தன, சுரங்கம் தோண்ட ஆட்கள் வந்தார்கள். பாறையை இடித்துப் பார்த்தால் செலவுக்குக்கூடக் கட்டவில்லை. சில வருஷத்தில் கம்பெனிகள் படுத்துவிட்டன. கூலிக்கு வந்தவர்களில் போக இடம் இருந்தவர்கள் போனார்கள், இல்லாதவர்கள் காப்பித் தோட்டங்களுக்குள் நுழைந்துகொண்டார்கள். சேரம்பாடிப் பக்கம் மைக்கா வெட்டிய காலமும் ஒன்று உண்டு. தொழில் வந்தது, ஆளைக் கூப்பிட்டது. தொழில் போனது, ஆளைக் கைவிட்டது.

எங்கள் ஆட்களின் கதை கடலுக்கு அப்பால் தொடங்குகிறது. 1820களில் இலங்கையில் காப்பித் தோட்டம் வந்ததும், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். காப்பிக்குப் பழம் பறிக்கிற பருவத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். ஆகவே அந்தக் காலத்தில் போனவர்கள் அறுப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் காப்பி இலையில் துருநோய் விழுந்து, சில வருஷங்களில் தோட்டங்களே அழிந்தன. அதற்கு இரண்டு வருஷம் முன்பே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். எல்லோரும் அதற்கு மாறினார்கள். தேயிலையோ வருஷம் முழுக்கக் கொழுந்து விடும், வாரம் தவறினால் இலை முற்றிப்போகும். அதற்கு ஆண் மட்டும் போதாது. பெண்டு பிள்ளையோடு லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டிலேயே குடியிருக்கிற ஆள் வேண்டும். அங்கே நாங்கள் நிலையாகத் தங்கிப்போனதற்கு இந்தச் செடியின் குணம் பெரிய காரணம்.

அப்படித் தங்கியவர்களை 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கு 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கே போக விருப்பம் என்று விண்ணப்பம் எழுதச் சொன்னார்களே தவிர, ஒப்பந்தத்துக்கு முன்னால் எங்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை. கையெழுத்தாகி இரண்டு மாதம் முடியுமுன் புயல் வந்து தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. லட்சக்கணக்கானோர் வந்திறங்க வேண்டிய துறைமுகமே இல்லாமல் போய், கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

எங்கள் குடும்பம் இலங்கையின் பொகவந்தலாவையிலிருந்து எழுபதுகளின் நடுவில் வந்தது. தோட்டங்களில் பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற பஞ்ச காலம் அது. அட்டனில் கோச்சி என்கிற ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் வழியாக மண்டபம் முகாமுக்கு வந்தோம். தாத்தா இலங்கைக்குப் போனபோது தொத்துநோய் இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்ததும் அதே மண்டபத்தில்தான். வரும்போது எங்கள் கையில் ஒரு குடும்ப அட்டையைக் கொடுத்தார்கள். அதில் எழுதிய திட்டம்தான் தலையெழுத்து. வியாபாரக் கடன் என்று எழுதப்பட்டவர்கள் நிறைய. கொழுந்தைத் தவிர வேறெதையும் விற்றோ வாங்கியோ அறியாதவர்கள் பெட்டிக்கடை வைத்தார்கள், மாடு வாங்கினார்கள். கடன் தீர்ந்ததோ இல்லையோ கையிருப்பு தீர்ந்தது. பிறகு தாங்களாகவே மலை தேடிக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் வந்து சேர்ந்தார்கள்.

தொழில் தெரிந்தவனுக்கு அதே தொழிலைக் கொடுப்பதுதான் புத்தி என்று நினைத்தவர்களும் அரசாங்கத்தில் இருந்தார்கள். 1968இல் வனத்துறை வழியாக அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, டேன்டீயாக ஆனது. சேரங்கோடு, சேரம்பாடி, நெல்லியாளம், பாண்டியாறு, கொளப்பள்ளி, அந்தப் பக்கம் வால்பாறை என்று பரவியது. கன்னியாகுமரியிலும் புனலூரிலும் கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் நிக்கோபாரின் கச்சால் தீவிலும் எங்கள் ஆட்களுக்காக ரப்பர் வைத்தார்கள். சிலரை நூற்பாலைகளுக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் சேரங்கோட்டுக்கு வந்து பார்த்தால் தேயிலை இல்லை, காடுதான் இருந்தது. இலங்கையில் விரல் நுனியில் கொழுந்து கிள்ளிய அம்மா, இங்கே மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டினார். நாற்றுப் போட்டு, நட்டு, களை எடுத்து, கவ்வாத்து வெட்டிச் செடியைப் படர விட்டுக் கூடை நிறையக் கொழுந்து பார்க்க மூன்று நான்கு வருஷம் ஆனது. "கொழுந்தெடுக்கக் கூட்டியாந்தாங்களா, காடு வெட்டக் கூட்டியாந்தாங்களா?" என்று அப்பாவிடம் கேட்பார். அப்பா பதில் சொல்ல மாட்டார். ஜூனில் பிடித்த மழை செப்டம்பர் வரை விடாது, காலெல்லாம் அட்டை. ராத்திரி எங்கள் லைன் வீட்டு வாசலில் யானை நிற்கும். அதன் வழியில்தான் நாங்கள் தோட்டம் போட்டிருந்தோம்.

ஆனால் வீடு இருந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி குடியிருப்பு கொடுப்பது முதலாளியின் பொறுப்பாக இருந்தது. செக்ரோலில் பேர் இருக்கும்வரை வீடு; பேர் இறங்கினால் சாவியைக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விதி குடும்பங்களை எப்படி நடத்தியது என்பதை என் பேரேட்டில் பார்த்தேன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகியபோது பிள்ளைகள் ஓவர்லாக்குக்கும் செக்கிங்குக்கும் போனார்கள், கோயம்புத்தூர் ஒர்க்ஷாப்புகளுக்குப் போனார்கள். கொழுந்துக் கூலியைவிட அங்கே வாரச் சம்பளம் மேல். ஆனால் குடும்பமாகப் போகவில்லை. முட்டி தேய்ந்த அம்மாவோ அப்பாவோ வீட்டுக்காகப் பேரைக் காப்பாற்றிக்கொண்டு மலையில் நின்றார்கள். அவர்கள் ஓய்வு பெறும்போது பேர் இறங்கியது. அந்த இடத்தில் எழுத மகன் பேரோ மகள் பேரோ வரவில்லை. செடி மட்டும் உயர்ந்துகொண்டே போனது.

ஆள் இல்லை, நஷ்டம் என்ற நிலையில், 2022இல் 2,152 ஹெக்டேர் டேன்டீ நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தது. தொழிலாளர்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். காடு காடாகத் திரும்புவதில் எனக்கு வருத்தமில்லை, யானைக்கும் வழி வேண்டும். எங்கள் பிள்ளைகள் கூடை சுமக்காததிலும் வருத்தமில்லை. ஆனால் இந்தத் தோட்டத்தை லாப நஷ்டக் கணக்கு மட்டும் வைத்து அளப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு இடம் மாற்றிய மனிதர்களைக் குடியமர்த்தியதற்கான செலவு இது. அந்த வேலை முடிந்ததா என்று பார்க்க வேண்டுமானால், டீத்தூள் விற்ற விலையைப் பார்க்கக் கூடாது. ஓய்வு பெற்றவருக்குத் தன் பேரில் ஒரு வீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது நீலகிரித் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் கொழுந்தெடுக்கின்றன. எங்கள் ஆட்கள் இருந்த லைன்களில் குடியிருக்கின்றன, 'பேர் இருந்தால் வீடு' என்ற அதே விதியின் கீழ். இருபது வருஷம் கழித்து அவர்கள் பிள்ளைகளும் வேறு தொழிலுக்குப் போவார்கள், போகத்தான் வேண்டும். அதற்குள் வீட்டையும் வேலையையும் சட்டம் பிரித்துவைக்காவிட்டால், அந்தத் தாய் தகப்பனும் முட்டி தேயத் தேயப் பேரைக் காத்துக்கொண்டு நிற்பார்கள்.