பாமினியிலிருந்து லினக்ஸுக்கு: திருகோணமலைக் கந்தோர்த் தமிழும் உரைத்தொகுப்பியின் பெயர்ச்சியும்

ஓர் உரைத்தொகுப்பி ஓர் இயங்குதளத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போன வரலாற்றைப் பெரும்பாலும் நிரலாளர்களே எழுதியிருக்கிறார்கள். விம் அதற்கு நல்ல சான்று. அட்டாரி எஸ்.டி. கணினிக்கு டிம் தாம்சன் 1987இல் எழுதிய ஸ்டீவி என்னும் தொகுப்பியின் வழிவந்த நிரலை வைத்துக்கொண்டு பிராம் மூலெனார் அமிகாவில் வேலையைத் தொடங்கினார். 1991இல் அது அமிகாப் பயனர்களுக்கு வெளிவந்தது. அடுத்த ஆண்டே யூனிக்ஸுக்குப் போயிற்று. ஆங்கிலம் எழுதுபவருக்கு அத்தோடு காரியம் முடிந்தது. தமிழில் கடிதம் அடிக்க வேண்டிய ஒரு கந்தோரில் அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கும்.

திருகோணமலையை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாம் திருத்தம் வடக்கு, கிழக்கில் அதை நிர்வாக மொழியாக்கியது. இணைந்த வடக்கு கிழக்கு மாகாணத்தின் தலைமையிடம் திருகோணமலை. 2007 ஜனவரி முதல் நாள் மாகாணங்கள் பிரிந்தபின் கிழக்கின் தலைமையிடமாக அது தொடர்ந்தது. ஆகவே உவர்மலையிலும் உட்துறைமுக வீதியிலும் கச்சேரியிலும் சுற்றறிக்கை, நியமனக் கடிதம், காணி விவரம் என்று நாள்தோறும் தமிழ்த் தட்டச்சு நடக்க வேண்டியிருந்தது. துறைமுகத்தை வைத்துத்தான் இந்த ஊரைப் பற்றி உலகம் எழுதியது. ஊருக்குள் உற்பத்தியான காகிதத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அந்தத் தட்டச்சின் மரபு பழையது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். பொறியில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே விழும்: 'கொ' வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கணினி வந்தபோது இலங்கையில் பரவிய பாமினி எழுத்துரு இந்த வரிசையை அப்படியே ஏற்றது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளை அடுத்தடுத்துத் தட்டினால் திரையில் 'தமிழ்' நிற்கும். கோப்புக்குள் இருப்பவை அந்த ஆங்கிலக் குறிகள்தான். தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை.

இதே காலத்தில் வெளிநாட்டுத் தமிழர் வேறு வழிகளில் போனார்கள். கனடாவில் கே. சீனிவாசன் 1984இல் டாஸில் ஆக்கிய ஆதமி, பின்னர் விண்டோஸில் ஆதவினாக மறுபிறப்பெடுத்தது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு வளர்ந்தது. சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியேற்றம் இருந்ததால், ஒருவர் அனுப்பிய கோப்பு மற்றவர் திரையில் குழம்பிக் கிடந்தது.

வேடிக்கை என்னவென்றால், லினக்ஸுக்குப் போவதில் பாமினிக்கு ஏறக்குறைய சிரமமே இல்லை. எழுத்துருக் கோப்பை நிறுவி, ஜிஎடிட் தொகுப்பியில் எழுத்துருவாகப் பாமினியைத் தெரிவுசெய்தால் போதும்; எளிய உரையாக உள்ள பழைய கடிதம் தமிழில் திறக்கும், விரல் பழகிய விசைகளும் மாறா. தொல்லை, இடையே வரும் ஆங்கிலமும் தமிழ் எழுத்தாகத் தெரியும், சதுர அடைப்புக்குறிகள்கூட ஜகரமும் ஸகரமுமாகத் தோன்றும் என்பதுதான். முறைகேடான குறியேற்றமே எளிதில் பெயர்ந்தது. முறையான யூனிக்கோட்தான் திணறியது.

திணறலின் காரணம் நுட்பமானது. 1991இல் வெளிவந்த யூனிக்கோட், இந்தியாவின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றி, எழுத்தை ஒலி வரிசையில் சேமிக்கிறது: ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து. திரையில் அக்குறியை இரண்டாகப் பிளந்து இருபுறமும் வைப்பது இயங்குதளத்தின் பொறுப்பு. விண்டோஸ் 2000இல் அது கைகூடியது. ஆனால் எக்ஸ்பியிலும் சிக்கலான எழுத்துமுறைக்கான ஆதரவை இறுவட்டிலிருந்து தனியே நிறுவ வேண்டியிருந்தது. லினக்ஸில் காஸ்பர் சினாயின் யூடிட் தொகுப்பி தன் வேலையைத் தானே செய்துகொண்டது. பிறகு பாங்கோ நூலகம் வந்து ஜிஎடிட் போன்றவற்றுக்குப் பொதுவாகக் கைகொடுத்தது. விம் 6.0 2001இலேயே யூடிஎஃப்-8ஐ ஏற்றது. ஆனாலும் முனையத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் சம அகலக் கட்டம் ஒதுக்கும் அதன் பழக்கத்துக்குள் 'கொ' அடங்கவில்லை.

திரை சரியானபின் விரல் மிஞ்சியது. பாமினியில் 'கொ' மூன்று தட்டு. பின்னழிப்பு விசை ஒன்றை அழுத்தினால் கால் மட்டும் போய்க் 'கெ' நிற்கும். யூனிக்கோட்டில் அதே விசை ஒகரக் குறியை முழுதாக நீக்கிவிடும். ககரம் மட்டும் எஞ்சும். பார்க்காமல் தட்டித் திருத்தும் கைக்கு இது சிறு மாற்றமல்ல. 1999இல் சென்னையில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை இதற்கு மருந்தாகப் பலர் பரிந்துரைத்தனர். அமைப்பு அறிவார்ந்ததுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு மரபில் உழைத்தவரிடம் அதைக் கொடுப்பது, இயங்குதள மாற்றத்தின் விலையை அவர் தலையில் கட்டுவதாகும் என்பது என் துணிபு.

ஆகவே லினக்ஸ் உள்ளீட்டுக்கான எம்17என் தரவுத்தளத்தில் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு தனிப் பெயரோடு சேர்க்கப்பட்டதை, எந்தத் தொகுப்பியின் புதிய பதிப்பையும்விட முக்கியமான நிகழ்வாகக் கருதுகிறேன். கொம்பை முதலில் தட்டினாலும், மெய் வந்தபின் வரிசையைத் தானே மாற்றிச் சேமிக்கும் வேலை அங்கே உள்ளீட்டு முறையிடம் வந்துசேர்ந்தது. தொகுப்பியைத் தொடத் தேவையில்லை. இலங்கைத் தரநிலையும் எஸ்எல்எஸ் 1326 என 2008இல் தமிழுக்கு யூனிக்கோட்டையே உறுதிசெய்தது.

மிச்சம் பழைய கோப்புகள். சொற்செயலிக் கோப்பாக இருந்தால், எந்தத் துண்டு பாமினி, எது ஆங்கிலம் என்று எழுத்துருப் பெயரே சொல்லிவிடும். மாற்றிக்கு வேலை எளிது. எளிய உரையாகச் சேமித்துவிட்டால் அந்தத் தகவல் போய்விடும். அப்போது கடிதத்தின் நடுவே உள்ள ஆங்கிலப் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து மாற்றி தமிழாக்கித் தள்ளும். மூலப் பிரதியோடு ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக ஒப்புநோக்குவதைத் தவிர அதற்கு வேறு வழி இன்னும் வரவில்லை.