ரெண்டு நூல் திருகும் மரக்காணத்து உள்ளானும்

பேசின எபிசோடை வாசிக்க வசதியா கொஞ்சம் திருத்தி இங்கே கொடுத்திருக்கேன்.

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "வேட்டைக்காரங்களுக்குன்னு விக்கிற 10×42 பைனாகுலர் ஒண்ணு வாங்கியிருக்கேன். பறவை பார்க்கத்தான். அதை ட்ரைபாட்ல மாட்ட எந்த அடாப்டர் வாங்கலாம்?" ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம். ஆனா வேட்டைக்குச் செஞ்ச கண்ணாடி பறவை பார்க்கிறவன் கைக்கு எப்படி வந்தது, அதுக்கு எதுக்கு மூணு கால் தேவைப்படுதுன்னு யோசிச்சா, அது இருநூறு வருஷத்துக் கதையா விரியுது. அதை முதல்ல சொல்றேன், அடாப்டர் கடைசியில வரும்.

கதையை மரக்காணத்துல இருந்து தொடங்கறேன். ஈ.சி.ஆர்ல சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போறவங்க எல்லாரும் அந்த உப்பளங்களைக் கடந்திருப்பீங்க. அதை ஒட்டி கழுவேலி ஏரி இருக்கு. எடையந்திட்டு முகத்துவாரம் வழியா கடல்நீர் உள்ளே வர்ற உவர்நீர் நிலம் அது. 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு அதுல 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சது. 2024 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்தது. குளிர்காலத்துல மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் தாண்டி வர்ற உள்ளான்கள் ஏரியிலயும் உப்பளப் பாத்திகளிலயும் இரை தேடும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜனவரி காலையில அங்கே போயிருந்தேன். வார நாள்ல கோடு எழுதறது, வார இறுதியில பறவை எண்றது, இதுதான் அப்போ என் வாழ்க்கை. கையில பைனாகுலர், ட்ரைபாட் கிடையாது. தூரத்துப் பாத்தியில சாம்பல் நிறத்துல நாற்பது சின்ன உள்ளான்கள். அலகு நுனி லேசா கீழ்நோக்கி வளைஞ்ச மாதிரி தெரிஞ்சது. "டன்லின், 40" என்று இபேர்ட்ல பதிஞ்சுட்டேன். டன்லின் தமிழ்நாட்டுல அபூர்வம். எனக்கு ஒரே பெருமை.

சாயங்காலமே பதிவுகளைச் சரிபார்க்கிற தன்னார்வலர் ஒருத்தர் மரியாதையா எழுதியிருந்தார்: "எதை வெச்சு டன்லின்னு முடிவு பண்ணீங்க? கர்ல்யூ சாண்ட்பைப்பரா இருக்க வாய்ப்பில்லையா?" என்கிட்ட பதில் இல்லை. நான் பார்த்தது உண்மைதான். ஆனா என் கை ஆடினதுல அலகும் ஆடிச்சு, காலும் ஆடிச்சு. அந்த ஆட்டத்துல, எனக்குப் பிடிச்ச பறவையை நானே பார்த்துக்கிட்டேன்.

"எதை வெச்சுச் சொல்றே?" இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷம் முன்னாடி ஒரே ஒரு பதில்தான் இருந்தது: சுட்டுக் கொண்டுவந்த உடல். பறவையின் தோலைப் பதப்படுத்தி, பஞ்சு அடைச்சு, காலில் சீட்டு கட்டி அலமாரியில வைப்பாங்க. அதுதான் ஆதாரம்.

அந்தக் காலத்தின் பெரிய பெயர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸ் தொடங்கினதுல முன்னோடின்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அதே ஹியூம் 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்கத் துறையின் ஆணையர். வட இந்தியாவையும் மத்திய இந்தியாவையும் குறுக்கே வெட்டி, சுமார் 4,000 கிலோமீட்டருக்கு நீண்ட சுங்க எல்லை அவர் பொறுப்புல இருந்தது. வரி கட்டாத உப்பு தாண்டக் கூடாதுன்னு அதுல ஒரு பகுதிக்கு முள்வேலி வளர்த்திருந்தாங்க. உப்புக்குக் காவல் இருந்த அதே மனுஷன்தான் நாடு முழுக்கப் பறவைத் தோல் சேர்த்தார். 1872ல பறவையியலுக்குன்னே 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். 1885ல அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது ஏறக்குறைய 80,000 மாதிரிகள். அந்தத் தோல்கள் இல்லாம இன்னைக்கு நம்ம பறவைக் கையேடுகள் இல்லை. அதையும் மறுக்க முடியாது.

ஆனா நம்ம பக்கத்துல அதுக்கு முன்னாடியே வேற ஒரு குரலும் இருந்தது. மரக்காணத்துக்கு வடக்கே இருக்கிற வேடந்தாங்கல்ல, கூடு கட்டியிருந்த பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டாங்க. ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போய் நின்னாங்க. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி பாய்ஞ்சா நெல் நல்லா விளையும், அது அவங்களுக்குத் தெரியும். 1798ல கலெக்டர் லயனல் பிளேஸ் அந்தப் பறவைகளைத் தொடக் கூடாதுன்னு கவுல் எழுதிக் கொடுத்தார். பைனாகுலர் பரவலா இல்லாத காலத்துல, பறவையைச் சுடாம வைக்கிறதுக்கு விவசாயி கண்ட காரணம் அது.

சுடாமலேயே பறவையை அடையாளம் சொல்ல வேணும்னா கண்ணுக்குக் கருவி வேணும். இத்தாலிக்காரர் இக்னாசியோ போரோ 1854ல முப்பட்டகம் வெச்சு பிம்பத்தை நேராக்கற அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனா நல்ல கண்ணாடி கிடைக்கிறதுக்கு இன்னும் நாற்பது வருஷம் ஆச்சு. 1894ல ஜெர்மனியின் ஜேனா நகரத்து ஸைஸ் நிறுவனம், எர்ன்ஸ்ட் ஆபேயின் வடிவமைப்புல, ப்ரிசம் பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வாங்கினவங்க பட்டாளத்துக்காரங்களும் வேட்டைக்காரங்களும்தான். 1901ல எட்மண்ட் செலூஸ் என்கிற ஆங்கிலேயர் பறவை பார்த்தலுக்குன்னு ஒரு புத்தகம் எழுதி, துப்பாக்கியை வெச்சுட்டுக் கண்ணாடியை எடுங்கன்னு வாதாடினார். அவரும் முன்னாடி சுட்டுச் சேகரிச்சவர்தான். நம்ம சாலிம் அலி சின்ன வயசுல ஏர்கன்ல ஒரு குருவியைச் சுட்டுட்டு, அது என்ன குருவின்னு கேட்டுக்கிட்டுதான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குள்ளேயே நுழைஞ்சார். 1941ல அவர் எழுதின இந்தியப் பறவைகள் புத்தகம், வெளியில நின்னு பார்த்தே அடையாளம் சொல்லலாம்னு ஒரு தலைமுறைக்குக் கத்துக்கொடுத்தது.

சட்டம் மெதுவாத்தான் வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துலகூட சிலவகை வேட்டைக்கு உரிமம் வாங்க வழி இருந்தது. 1991 திருத்தம்தான் அந்தக் கதவை மூடிச்சு. இங்கே ஒண்ணு சொல்லியாகணும். துரைமாருக்கும் ஜமீன்தாருக்கும் வேட்டை பொழுதுபோக்கு. நரிக்குறவர்களுக்கு அது சோறு. சட்டம் ரெண்டையும் ஒரே தராசுல வெச்சது. தொழில் போனதுக்கு ஈடா வேற வழி சட்டத்தோட சேர்ந்து வரலை. பழங்குடிப் பட்டியல்ல அவங்க சேர்ந்ததே 2023லதான். நாம பைனாகுலரைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கரையில நிக்கிறப்போ இந்தக் கணக்கும் நினைவுல இருக்கட்டும்.

சரி, இப்போ திருகுக்கு வருவோம்.

பைனாகுலரைக் கையில பிடிச்சா பத்து மடங்கு பெரிசாகிறது பறவை மட்டும் இல்லை, உங்க கை நடுக்கமும்தான். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள்ல மான் வேட்டைக்காரங்க எதிர்மலைச் சரிவை மணிக்கணக்கா ட்ரைபாட் வெச்சு அலசுவாங்க. அதனாலதான் வேட்டை பைனாகுலரோட இவ்வளவு அடாப்டர்கள் விக்குது. அவங்க துப்பாக்கியைத் தூக்கறதுக்கு முன்னாடி செய்யற வேலையை நாம செஞ்சு, அத்தோட நிறுத்திக்கிறோம்.

உங்க பைனாகுலரின் ரெண்டு குழாய்க்கும் நடுவுல, கண் வைக்காத முன்பக்கம், கீல் முனையில ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தா உள்ளே மரை தெரியும். பெரும்பாலும் கால் இஞ்ச், நம்ம பட்டறை பாஷையில ரெண்டு நூல். இஞ்சுக்கு 20 புரி. கேமராவுக்கு அடியில இருக்கிற அதே மரைதான். 1841ல ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்துல எல்லாப் பட்டறைக்கும் ஒரே மரை அளவு வேணும்னு சொன்ன வரிசையில வந்தது. அமெரிக்காக்காரங்க பின்னாடி புரியின் கோணத்தை 55 டிகிரியிலிருந்து 60க்கு மாத்தினாங்க. ஆனா கால் இஞ்சுக்கு 20 புரி என்பது ரெண்டு பக்கமும் ஒண்ணு, அதனால ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். மூணு மாசத்துல பழசாகிற சாப்ட்வேர் எழுதறவன் நான். 180 வருஷமா உடையாத ஒரு இன்டர்ஃபேஸைப் பார்த்தா கும்பிடத் தோணுது.

அதை நான் கும்பிடாம விட்ட கதையும் இருக்கு. அந்த டன்லின் அவமானத்துக்கப்புறம் ஒரு இரும்புப் பட்டையை வளைச்சு, 6 மில்லிமீட்டர் போல்ட் போட்டு நானே அடாப்டர் செஞ்சேன். கால் இஞ்ச்னா 6.35 மில்லிமீட்டர். அந்த போல்ட் உள்ளே போச்சு, ஆனா புரி பிடிக்கலை. இறுக்கினதுல மரை கொஞ்சம் தேஞ்சது, பைனாகுலர் தலை தொங்கிச்சு. தப்பு முழுக்க என்னோடது. நீங்க அதைச் செய்யாதீங்க.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இவ்வளவுதான். முதல்ல உங்க பைனாகுலர்ல மரை இருக்கான்னு பாருங்க. இருந்தா 'எல்' வடிவ அடாப்டர் போதும். விலை குறைவு, ஆனா நடுத்தண்டு மெல்லிசா இருக்கணும். தடியா இருந்தா ரெண்டு குழாயையும் உங்க கண் இடைவெளிக்குக் கிட்டக் கொண்டுவர முடியாது. அடிக்கடி கழட்டி மாட்டறவங்களுக்கு, ஒரு சின்ன முளையை பைனாகுலர்லயே விட்டுட்டு, ட்ரைபாட்ல இருக்கிற பிடியில டக்குனு செருகற வகை சௌகரியம். மரையே இல்லாத பைனாகுலர்னா, மேல உட்கார வெச்சுப் பட்டையால கட்டற தட்டு வகை. ஆட்டம் கொஞ்சம் இருக்கும், கையைவிட எவ்வளவோ மேல். சில நிறுவனங்கள் தங்களுக்குன்னே தனி அமைப்பு வெச்சிருக்காங்க, அதுக்கு அவங்க அடாப்டர்தான் பொருந்தும்.

மரக்காணம் மாதிரி இடத்துக்கு இன்னும் ரெண்டு விஷயம். உப்புக் காத்துல சாதா இரும்புத் திருகு சீக்கிரம் துருப்பிடிச்சு மரையோட ஒட்டிக்கும். துருப்பிடிக்காத எஃகு வாங்குங்க, வீட்டுக்கு வந்ததும் கழட்டி நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைங்க. அடுத்து, வெயில் ஏறினா உப்பளத்து மேல காத்து கொதிக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் எந்த ட்ரைபாடும் உதவாது. விடிஞ்சதும் போயிடுங்க.

புது அடாப்டரோட அடுத்த மாசம் அதே இடத்துக்குப் போனேன். வரப்பைச் செப்பனிட்டுக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் தூரத்துலயே கேட்டார்.

"என்ன தம்பி, துப்பாக்கியா?"

"இல்லீங்கய்யா, பைனாகுலர். குருவி பார்க்கறதுக்கு."

"பாத்திக்குள்ள அந்தக் காலை ஊணிடாதப்பா. மிதிச்சுப் போட்ட தரை அது. ஓட்டை விழுந்தா உப்பு எடுக்க முடியாது."

வரப்போரமா ஊணினேன். அவரையும் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் குனிஞ்சு பார்த்துட்டு, "கால் கறுப்பு. மூக்கு நல்லா நீளம். தினம் பார்க்கறேன், இப்படிப் பார்த்ததில்லை" என்றார்.

நான் திரும்பப் பார்த்தேன். இப்போ எதுவும் ஆடலை. நீண்ட அலகு, ஒரே சீரா வளைஞ்சிருந்தது. டன்லினைவிட உயரமான கால். ஒண்ணு இறக்கையைத் தூக்கி உதறினப்போ வாலுக்கு மேல சுத்தமான வெள்ளை. டன்லினுக்கு அங்கே நடுவுல கறுப்புக் கோடு இருக்கும். கர்ல்யூ சாண்ட்பைப்பர்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் பழைய பதிவைத் திறந்து, டன்லினை எடுத்துட்டு, "அடையாளம் தெரியாத உள்ளான், 40" என்று மாத்தினேன். போன மாசத்துப் பறவையும் இதேதான்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை. இந்த மாதிரிக் கணக்குகளை வெச்சுத்தான் ஒரு ஏரியில என்ன வருது, என்ன குறையுதுன்னு பேசறாங்க. ஹியூம் காலத்துல தப்பாச் சொன்னா அலமாரியில தோல் இருந்தது, எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். நாம பறவையை உயிரோட விட்டுட்டோம். அதனால நம்ம வார்த்தை மட்டும்தான் மிச்சம். அது ஆடாம இருக்கணும்.

நேயருக்குச் சுருக்கமா: மூடியைத் திறந்து பாருங்க, ரெண்டு நூல் மரை இருந்தா மெல்லிசான எஃகு அடாப்டர் வாங்குங்க, பாத்திக்குள்ள ஊணாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.